பழைய ஜூட் சூட் சேகரிப்பது எப்படி: தேடுவதிலிருந்து பெட்டியில் வைப்பது வரை

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் அணிந்த நீளக் கோட் உடையான ஜூட் சூட்டின் அசல் ஒன்றைக் கையில் தொட்டுப் பார்க்க எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதற்குள் வேறு எதையெதையோ ஜூட் சூட் என்று நம்பி வாங்கியிருந்தேன். இப்போது புதிதாக வருபவர்கள் படம் அனுப்பி "இது அசலா?" என்று கேட்கிறார்கள். வருவது பெரும்பாலும் லேபிளின் படமாக இருக்கும், இல்லையென்றால் விற்பவர் சொன்ன கதையாக இருக்கும். பேன்ட்டின் முட்டிச் சுற்றளவு என்ன என்று எழுதி அனுப்புபவர் அபூர்வம். ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முதலில் அளவு, பிறகு தையல், பிறகு லேபிள், கடைசியில் கதை. கதையை முதலில் கேட்டுவிட்டால், அப்புறம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அந்தக் கதைக்குச் சாட்சியாகவே தெரியும்.

## 1. எதைத் தேடுகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

அகலமான பேட் வைத்த தோள், தொடை வரை நீளும் கோட், மார்புக்குச் சற்றுக் கீழே வரை ஏறும் பேன்ட், முட்டியில் விரிந்து கணுக்காலில் இறுகும் கால். இவை நான்கும் சேர்ந்ததுதான் ஜூட் சூட். காலம் 1930-களின் பிற்பாதி முதல் 1943 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலும் சிகாகோ, டெட்ராய்ட் நகரங்களிலும் இருந்த கறுப்பின இளைஞர்களும், லாஸ் ஏஞ்சல்ஸில் பச்சூக்கோ என்று அழைக்கப்பட்ட மெக்சிகன் அமெரிக்க இளைஞர்களும், பிலிப்பினோ இளைஞர்களும் இதை அணிந்தார்கள்.

இதன் பக்கத்தில் வைத்துக் குழப்பிக்கொள்ளும் வகைகள் மூன்று. 1940-களில் எல்லோரும் அணிந்த, கொஞ்சம் தளர்வாகத் தைத்த சாதாரண சூட் ஒன்று. 1950-களின் பிரிட்டனில் டெடி பாய்கள் அணிந்த நீளக் கோட் இன்னொன்று. இதில் வெல்வெட் காலர் இருக்கும், பேன்ட் முழுக்க ஒல்லியாக இருக்கும். மூன்றாவது, 1970-களின் கடைசிக்குப் பிறகு மேடைக்கும் நடனத்துக்கும் திருமண விருந்துக்கும் தைக்கப்பட்ட புதியவை. இவற்றைச் சேகரிப்பதில் தவறே இல்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

முழு செட் வேண்டும் என்று தொடங்காதீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டி கலை அருங்காட்சியகமே பல வருடம் தேடித்தான் 2011-இல் ஏலத்தில் ஒன்றை எடுத்தது. விலை ஏறத்தாழ 80,000 டாலர். 2016-இல் ஆண்கள் உடை பற்றிய பெரிய கண்காட்சியில் அதை வைத்தார்கள். ஜூட் சூட் பிறந்து வளர்ந்த ஊர்களில் ஒன்றிலேயே நிலைமை இதுதான். பேன்ட் மட்டும், கோட் மட்டும், அணிந்தவரின் புகைப்படம், கடையின் ரசீது, பேன்ட்டில் தொங்கவிடும் நீளச் சங்கிலி என்று தனித்தனியாகத் தொடங்குவது நல்லது. தனிப் பேன்ட்டுக்குப் போட்டி குறைவு. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பொருளும் இல்லை.

## 2. வேண்டிய கருவிகள்

துணி இன்ச் டேப், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் பூதக்கண்ணாடி, சிறிய புற ஊதா டார்ச், ஒரு வெள்ளைப் பருத்தி விரிப்பு, பென்சில், நோட்டு. இரும்பு டேப் வேண்டாம். அதன் விளிம்பு பழைய ரேயானில் சிக்கி இழையை இழுக்கும். பேனாவும் வேண்டாம், ஒரு துளி மை போதும் எல்லாவற்றையும் கெடுக்க.

விரிப்பு எதற்கு என்றால், சூட்டை அதன் மேல் பரப்பிச் சற்று அசைத்தால் அந்துப் புழுவின் கூடும் உதிர்ந்த இழையும் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். விற்பவரின் மேசை அழுக்காக இருந்தாலும் கவலையில்லை.

இன்னொரு தயாரிப்பு: உங்களுக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு சாதாரண கோட்டையும் பேன்ட்டையும் வீட்டிலேயே அளந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பின்கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரை, தோள், முட்டி, பாட்டம், கவட்டிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல் வரை. ஒப்பிட ஓர் எண் இல்லாமல் "நீளமாக இருக்கிறது" என்று சொல்வதில் பொருளில்லை.

## 3. கண்ணைப் பழக்குங்கள்

இதற்குச் செலவே இல்லை, ஆனால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத் தொகுப்பில் 1942-இல் வாஷிங்டனின் யூலைன் அரங்கில் எடுத்த படம் ஒன்று உண்டு. ஒரு ராணுவ வீரர் இரண்டு ஜூட் சூட்காரர்களை நின்று பார்க்கிறார். 1943 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸ் சிறைக்கு வெளியே நீதிமன்றத்துக்குப் போகக் கைதிகளாக வரிசையில் நிற்கும் இளைஞர்களின் படமும் அங்கே கிடைக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் பொது நூலகத்தில் அந்த ஊர்க் குடும்பங்களின் சொந்த ஆல்பங்களிலிருந்து படியெடுத்த பெரிய தொகுப்பு இருக்கிறது. வீட்டு வாசலில், காரில் சாய்ந்து, தங்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படங்கள். நாம் தேடும் உடை உண்மையில் எப்படித் தொங்கியது என்பதை இவை காட்டும்.

ஒவ்வொரு படத்திலும் மூன்றை மட்டும் பாருங்கள். கையைத் தொங்கவிட்டால் விரல் நுனிக்கும் கோட்டின் விளிம்புக்கும் எவ்வளவு தூரம்? கணுக்காலில் துணி எங்கே மடிகிறது? கோட் திறந்திருந்தால் இடுப்புப் பட்டி எங்கே நிற்கிறது?

படங்களைப் பார்த்தபின் ஒன்று புரியும்: தெருவில் அணிந்தவை மேடையில் அணிந்ததைவிட அடக்கமானவை. ஜாஸ் பாடகர் கேப் காலவே 1943-இல் திரையில் அணிந்து வந்தது மேடைக்கென்று மிகைப்படுத்திய வடிவம். அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டவர்கள், கைக்கு வந்த அசலை "இது அவ்வளவு பெரிதாக இல்லையே" என்று விட்டுவிடுகிறார்கள். நானே அப்படி ஒன்றை விட்டிருக்கிறேன்.

தேடும் சொற்களையும் இந்தக் கட்டத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். அணிந்தவர்கள் பலர் இதை ஜூட் சூட் என்று சொல்லவில்லை. "ட்ரேப்ஸ்" என்றார்கள். பச்சூக்கோக்களின் பேச்சுவழக்கில் சூட்டுக்கு "தகூச்சே" என்று பெயர். பெண்களும் விரல் நுனி வரை நீளும் கோட்டைக் குட்டைப் பாவாடையோடு அணிந்தார்கள். அது விற்பனைப் பட்டியல்களில் "ஃபிங்கர்டிப் கோட்" என்ற பெயரில் வேறு பிரிவில் கிடக்கும். ஜூட் என்ற சொல் தலைப்பில் இருந்தால் விலை ஏறிவிட்டது என்று பொருள். அந்தச் சொல் இல்லாத இடத்தில் தேடுங்கள்.

## 4. அளவெடுப்பு: பேன்ட்டிலிருந்து தொடங்குங்கள்

கோட் நீளமாக இருப்பதற்கு வேறு காரணம் இருக்கலாம். அணிந்தவர் ஆறடிக்கு மேல் வளர்ந்தவராக இருந்திருக்கலாம். தோள் அகலமாக இருப்பது அந்தக் காலத்தின் பொதுப் பாணி. முட்டியில் மிக அகலமாகவும் பாட்டத்தில் மிகக் குறுகலாகவும் ஒரு பேன்ட் தற்செயலாக அமையாது. யாரோ அப்படி வேண்டும் என்று கேட்டுத் தைத்திருக்க வேண்டும். அதனால்தான் பேன்ட் முதலில்.

பேன்ட்டை விரிப்பில் தட்டையாகப் பரப்பி, இஸ்திரி மடிப்பு வழியே ஒரு காலை நேராக்குங்கள். கவட்டுத் தையலுக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவிலிருந்து இரண்டு இன்ச் மேலே உள்ள இடத்தை முட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அகலத்தை அளந்து இரட்டிப்பாக்குங்கள். பாட்டத்தையும் அப்படியே. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் தன் சுயசரிதையில் பாஸ்டனில் கடனுக்கு வாங்கிய முதல் ஜூட் சூட்டின் அளவைச் சொல்லியிருக்கிறார். முட்டி 30 இன்ச், பாட்டம் 12 இன்ச். இது உச்சம். என் கணக்கில் முட்டி பாட்டத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். இரண்டு மடங்கை நெருங்கினால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். முட்டி 24, பாட்டம் 20 என்று வந்தால் அது 1940-களின் சாதாரண பேன்ட். விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அது மாறாது.

குதிகாலைப் பாட்டத்துக்குள் நுழைக்க முடியுமா என்றும் யோசியுங்கள். 12 இன்ச் வாயில் பாதம் நுழைவது சிரமம். அதனால் சிலவற்றில் பாட்டத்தின் உட்பக்கத் தையலில் ஜிப் அல்லது கொக்கி இருக்கும். புதியவர்கள் இதைப் பார்த்ததும் "பிற்காலத்தில் சேர்த்தது" என்று ஒதுக்குகிறார்கள். ஒதுக்குவதற்கு முன் அந்த ஜிப்பின் வயதைப் பாருங்கள். எப்படி என்று ஆறாவது பகுதியில் வருகிறது.

அடுத்து கவட்டிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல் விளிம்பு வரை. உங்கள் நோட்டின் முதல் பக்கத்தோடு ஒப்பிடுங்கள், நான்கைந்து இன்ச் கூடுதலாக இருக்க வேண்டும். முன்பக்க ப்ளீட்டை விரலால் விரித்து அதன் ஆழத்தையும் எழுதுங்கள். முட்டி விரிய வேண்டிய துணி அங்கிருந்துதான் இறங்கி வருகிறது. ஆழமற்ற ப்ளீட்டும் பெரிய முட்டியும் ஒரே பேன்ட்டில் இருந்தால் பக்கத் தையலில் துண்டு சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

கோட்டுக்கு இரண்டு அளவு போதும். பின்கழுத்துத் தையலிலிருந்து விளிம்பு வரை நீளம், அக்குளுக்குக் கீழே மார்புச் சுற்றளவு. 40 சைஸ் சாதாரண கோட்டின் பின்நீளம் 30, 31 இன்ச் இருக்கும். சிறிய மார்பும் 35 இன்ச்சுக்கு மேல் நீளமும் சேர்ந்து வந்தால்தான் அது பேசும். விற்பவர் தோளைப் பார்த்து "44 சைஸ்" என்று எழுதியிருப்பார். மார்பு 36-தான் இருக்கும், மீதி பேட். சைஸ் எண்ணை நம்பாதீர்கள், மார்பை அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

## 5. மாற்றித் தைத்த தடங்களைப் படியுங்கள்

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய கட்டம் இது. மாற்றம் இரண்டு திசையில் நடந்திருக்கும். ஜூட் சூட்டை வெட்டிச் சாதாரண சூட் ஆக்கியது ஒன்று. சாதாரண சூட்டைப் பிடித்து (தையல் போட்டு இறுக்கி) ஜூட் சூட் ஆக்கியது இன்னொன்று.

முதலாவது மிகவும் பரவலாக நடந்தது. நல்ல கம்பளித் துணியை யாரும் தூக்கி எறிவதில்லை. போர் முடிந்தபின் கோட்டைச் சுருக்கி, பேன்ட்டைப் பிரித்து, அண்ணன் சூட்டைத் தம்பிக்குத் தைத்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, கீழ்ப் பாக்கெட் மூடியிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரம். நீளக் கோட்டில் பாக்கெட்டுக்குக் கீழே துணி தாராளமாக இருக்கும். வெட்டிச் சுருக்கினால் விளிம்பு மேலே வரும். பாக்கெட் அதே இடத்தில் நிற்கும். பாக்கெட் விளிம்போடு ஒட்டினாற்போல் விகாரமாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே லைனிங்கின் கீழ்த் தையல் மற்ற தையல்களிலிருந்து வேறுபடுகிறதா, பின்பிளவு திடீரென்று முடிகிறதா என்றும் பாருங்கள்.

என்னிடம் அப்படி ஒரு கோட் இருக்கிறது. லேபிள் சரி, துணி சரி, தோள் அபாரம், நீளம் மட்டும் 31 இன்ச். விளிம்பின் உள்மடிப்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது மடிப்பு அரை இன்ச்கூட இல்லை. நல்ல தையல்காரர் முதல் தடவை தைக்கும்போது அவ்வளவு கஞ்சமாக விடமாட்டார். அதை "வெட்டப்பட்ட ஜூட் கோட்" என்றே பதிவு செய்திருக்கிறேன். மீண்டும் துணி ஒட்டி நீட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். செய்யவில்லை. வெட்டியதும் அந்தக் கோட்டுக்கு நடந்ததுதான். அதை அழித்துவிட்டால் மிஞ்சுவது நான் இன்று தைத்த கோட்.

இரண்டாவது திசையில் கவனம் தேவை, ஏனென்றால் அதிலேயே இரண்டு வகை உண்டு. எல்லோரிடமும் தைக்கக் கொடுக்கப் பணமில்லை. சில இளைஞர்கள் தங்களுக்குப் பெரிதான சூட்டை வாங்கி, பாட்டத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 1942-இல் அப்படிப் பிடித்தது அசல்தான், சொல்லப்போனால் ஏழைப் பையனின் அசல். 1998-இல் நடன விருந்துக்காகப் பிடித்தது அசலில்லை.

எப்படிப் பிரித்தறிவது? பாட்டத்தின் உட்பக்கத்தைத் திருப்பி, புதுத் தையலுக்கு வெளியே விட்ட துணியைப் பாருங்கள். பிடித்து நாளாகியிருந்தால், வெளியே தெரியும் துணி வெயிலிலும் உரசலிலும் மங்கியிருக்கும், உள்ளே மறைந்த துணி அடர்த்தியாக இருக்கும். அந்த இரண்டு நிறத்துக்கும் நடுவில் உள்ள எல்லைக்கோடு புதுத் தையலின் மேலேயே ஓட வேண்டும். எல்லைக்கோடு வேறு இடத்தில் ஓடினால், துணி பல காலம் அகலமாக இருந்து, மங்கிய பிறகு பிடிக்கப்பட்டிருக்கிறது. பழைய மடிப்பில் படிந்த அழுக்குக் கோடும் ஊசித் துளைகளும் இதையே சொல்லும். உள்ளே ஓவர்லாக் அடித்திருந்தால் பெரும்பாலும் பிற்காலத்து வேலை. அந்தக் காலத்தின் நல்ல தையல்காரர் விளிம்பைக் கையால் வளைத்துத் தைத்திருப்பார், அல்லது பட்டி வைத்திருப்பார்.

காஜாவையும் பாருங்கள். கையால் போட்ட காஜாவில் தையல் இடைவெளி கொஞ்சம் முன்பின் இருக்கும், பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கரடாக இருக்கும். எல்லாக் காஜாவும் கைவேலையாக இருந்து ஒன்று மட்டும் மெஷின் என்றால், அந்த ஓரத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

## 6. காலத்தைக் கணிப்பது

இங்கே ஒரே தர்க்கம்தான்: "இந்தப் பொருள் இந்த வருடத்துக்கு முன்னால் இருக்க முடியாது." ஒவ்வொரு சான்றையும் இப்படி மட்டும் படியுங்கள். சான்று இல்லாததை வைத்து முடிவு கட்டாதீர்கள். லேபிள் இல்லை என்பதால் பழசு ஆகிவிடாது. லேபிள் கழன்று விழும்.

உள்மார்புப் பாக்கெட்டுக்குள் விரலை விடுங்கள். தையலகத்தில் அளந்து தைத்தது என்றால் வாடிக்கையாளர் பெயர், தேதி, ஆர்டர் எண் எழுதிய சீட்டு அங்கே தைத்திருக்கும். அது கிடைத்தால் மற்ற வேலையெல்லாம் சரிபார்ப்பதற்கு மட்டும்தான். பல விற்பனையாளர்கள் பாக்கெட்டைத் திறந்தே பார்ப்பதில்லை.

அதே பாக்கெட்டில் அமால்கமேட்டட் குளோத்திங் ஒர்க்கர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற தொழிற்சங்கத்தின் சிறிய லேபிள் இருக்கலாம். அதில் 1949 என்றோ 1962 என்றோ அச்சிட்டிருந்தால் அது லேபிள் வடிவமைப்பின் வருடம். உடை அதற்குப் பிறகுதான் தைக்கப்பட்டது, அதாவது நம் காலத்துக்கு வெளியே. "1949" என்று பார்த்ததும் உடை 1949-இல் செய்தது என்று எழுதிவிடுவது வழக்கமான பிழை. 1958-இல் செய்ததிலும் அதே எண்தான் இருக்கும்.

கம்பளி எவ்வளவு என்று சொல்லும் சீட்டு இருந்தால், அமெரிக்கக் கம்பளிப் பொருள் லேபிள் சட்டம் 1940-இல் நிறைவேறி 1941-இல் நடைமுறைக்கு வந்ததை நினைவில் வையுங்கள். டபிள்யூ.பி.எல். என்று தொடங்கும் உற்பத்தியாளர் பதிவு எண் அதன் கீழ் வந்தது. ஆர்.என். என்று தொடங்கும் பதிவு எண் 1950-களில் வந்தது. துவைக்கும் முறை சொல்லும் நிரந்தரச் சீட்டு 1972-க்குப் பிறகு. பாலியஸ்டர் துணியோ நூலோ 1950-களுக்கு முன் கிடையாது.

ஜிப் உலோகப் பற்களோடு இருக்க வேண்டும். பேன்ட் முன்பக்கத்தில் பட்டன் இருந்தாலும் சரிதான், இரண்டும் அப்போது புழக்கத்தில் இருந்தன. நைலான் ஜிப் என்றால் பிற்காலம், அல்லது பழைய ஜிப் கெட்டு மாற்றியது. எது என்று அதைச் சுற்றியுள்ள பழைய ஊசித் துளைகள் சொல்லும். தோள் பேடை வெளியிலிருந்து அழுத்திப் பாருங்கள். பஞ்சு மெல்ல அமுங்கி அப்படியே நிற்கும், ஃபோம் துள்ளி எழும். ஃபோம் நம் காலத்தது இல்லை.

அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச் அடியுங்கள். தையல் நூல் நீலமாகப் பளபளத்தால் செயற்கை நூலாக இருக்கலாம். ஆனால் பழைய பருத்தி நூலும் இன்றைய சோப்புப் பொடியில் ஒரு முறை துவைத்தால் ஒளிரும், ஏனென்றால் அந்தப் பொடியில் வெண்மை கூட்டும் பொருள் இருக்கிறது. அதனால் லைனிங்கும் பாக்கெட் துணியும் சேர்ந்தே ஒளிர்கிறதா, நூல் மட்டும் ஒளிர்கிறதா என்று பாருங்கள். நூல் மட்டும் என்றால் தையல் புதிது.

பட்டனைச் சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்காக இருந்தால் தீப்பிடிக்கும்.

1942 மார்ச்சில் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் ஆண்கள் உடைக்கான கம்பளியைக் கட்டுப்படுத்தியது. அதைக் காட்டி "அதற்குப் பிறகு ஜூட் சூட் தைக்க முடியாது, ஆகவே இது 1942-க்கு முந்தியது" என்று பலர் எழுதுகிறார்கள். சட்டப்படி முடியாதுதான். சின்னத் தையலகங்கள் கள்ளத்தனமாகத் தைத்துக்கொண்டே இருந்தன. தடையை வைத்துத் தேதி போடாதீர்கள்.

## 7. துணியும் ஜோடியும்

கம்பளி, ரேயான் கலந்த கேபர்டின் இரண்டும் அதிகம் வரும். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்துத் துளை நட்சத்திரம்போல் தெரியும். அக்குளில் லைனிங் நைந்திருப்பது இயல்பு. மேல் துணியே வெடித்திருந்தால் யோசியுங்கள். ரேயான் ஈரமானால் வலுவைப் பெருமளவு இழக்கும், ஆகவே "துவைத்துச் சுத்தமாக அனுப்புகிறேன்" என்று சொல்லும் விற்பனையாளரை உடனே தடுத்துவிடுங்கள்.

கோட்டும் பேன்ட்டும் ஜோடியாக வந்தால், ஒரே துணிதானா என்று பாருங்கள். கோடு போட்ட துணி என்றால் பத்துக் கோடுகள் எத்தனை இன்ச்சில் வருகின்றன என்று இரண்டிலும் அளங்கள். இரண்டின் பாக்கெட் துணியும் ஒன்றா என்பது அடுத்தது. நிறம் மங்கியதில் சிறு வேறுபாடு இருந்தால் பயப்பட வேண்டாம். பேன்ட் எப்போதும் அதிகம் உழைக்கும்.

## 8. இப்போது கதையைக் கேளுங்கள்

கேள்வி வரிசை: யாரிடமிருந்து வந்தது? அவர் எந்த ஊரில் இருந்தார்? அவர் இதை அணிந்த படம் உண்டா? எப்போது, யார் மாற்றித் தைத்தார்கள்? பதிலை அப்படியே, சொன்னவரின் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

"கலவரத்தில் அணிந்தது" என்ற கதை அடிக்கடி வரும். 1943 ஜூன் 3 முதல் சில நாட்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் கடற்படை வீரர்களும் மற்ற ராணுவத்தினரும் ஜூட் சூட் அணிந்த பையன்களைத் தெருவில் பிடித்து அடித்தார்கள், சூட்டைக் கழற்றிக் கிழித்தார்கள். பையன்களில் பலர் பதின்ம வயதினர். கிழிசல் இருக்கும் ஒவ்வொரு சூட்டையும் அந்த இரவுகளோடு முடிச்சுப் போடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். எண்பது வருடத் துணி எதனாலும் கிழியும். தையலகச் சீட்டில் உள்ள பெயர், அதே பெயருடைய குடும்பம், அணிந்த படம் இந்த மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் அந்தக் கதையைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். ஒத்துவராவிட்டால் "விற்றவர் சொன்னது" என்று குறிப்பிட்டு விட்டுவிடுங்கள்.

குடும்பத்திடமிருந்து நேரடியாக வாங்குகிறீர்கள் என்றால், விலை பேசுவதற்கு முன் அதை அவர்கள் ஊர் அருங்காட்சியகத்துக்குத் தர விருப்பமா என்று கேளுங்கள். சில வேளை ஆம் என்பார்கள். சூட் உங்களுக்குக் கிடைக்காது. எனக்கு ஒரு முறை அப்படி நடந்தது, அதன்பின் அந்தக் குடும்பம் தங்கள் ஆல்பம் முழுவதையும் படியெடுக்க அனுமதித்தது.

## 9. பணம் கொடுப்பதற்கு முன்

நேரில் பார்க்க முடியாவிட்டால் இந்தப் படங்களைக் கேளுங்கள்: முட்டியிலும் பாட்டத்திலும் டேப் வைத்து ஒவ்வொன்று, பாட்டத்தின் உட்பக்கம், உள்மார்புப் பாக்கெட்டின் உள், கோட் விளிம்பின் உள்மடிப்பு, இரண்டு அக்குள். திருப்பி அனுப்பும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள். படம் எடுத்துத் தர மறுப்பவரிடம் விலை பேச வேண்டியதில்லை.

## 10. வீட்டுக்கு வந்ததும்

மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள். அந்து ஒரு சூட்டோடு வந்து அலமாரி முழுவதையும் தின்றுவிடும். பாக்கெட்டுகளில் உள்ளதை எடுத்துத் தனி உறையில் போட்டுக் குறிப்பெழுதுங்கள். பழைய டிக்கெட்டும் புகையிலைத் துகளும்கூடச் சான்று. சங்கிலி இருந்தால் கழற்றித் தனியே வையுங்கள், உலோகம் துணியில் கறை விடும்.

பிறகு சூட்டை மெல்லிய தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும். உடனே பிரித்தால் ஈரம் துணியின் மேல் படியும்.

தூசியை வலைத்துணி வழியாகக் குறைந்த வேகத்தில் வாக்குவம் போட்டு எடுங்கள். துவைப்பதோ ட்ரை கிளீனிங்கோ இஸ்திரியோ வேண்டாம். இஸ்திரி போட்டால் ஐந்தாவது பகுதியில் தேடிய பழைய மடிப்புக் கோடெல்லாம் போய்விடும்.

வைக்கும் முறை: அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் படுக்கையாக. தோளுக்குள்ளும் கைக்குள்ளும் அமிலமில்லாத தாளை உருட்டி வையுங்கள், மடிப்பு வரும் இடத்தில் எல்லாம் தாள் உருளை வேண்டும். இந்தக் கோட்டின் தோள் கனமானது. ஒல்லி ஹேங்கரில் மாட்டினால் சில மாதங்களில் பேட் சரிந்து கழுத்து இழுத்துக்கொள்ளும். ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும். ஈரமான ஊரில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து மாதம் ஒரு முறை பாருங்கள். அந்துருண்டை வேண்டாம்; அதன் ஆவி பழைய பிளாஸ்டிக் பட்டனைக் கெடுக்கலாம்.

## 11. பதிவேடும் பேட்டர்னும்

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பக்கம். எல்லா அளவும், மாற்றங்களின் பட்டியலும், எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவு என்பதும். நான் முன்பு "1941" என்று மட்டும் எழுதி வைத்தேன். எதை வைத்து அப்படி எழுதினேன் என்று பிறகு எனக்கே தெரியவில்லை. இப்போது "உலோக ஜிப், கம்பளிச் சீட்டு, பாட்டம் முதல் தையலிலேயே பிடித்தது" என்று காரணத்தையும் எழுதுகிறேன்.

அணிந்து பார்க்க ஆசை வரும். ஒரு முறை உட்கார்ந்தால் கவட்டுத் தையல் போய்விடலாம், ஆகவே அணிய வேண்டாம். அதற்குப் பதில், நகல் ஒன்று தைத்துக்கொள்ளப் பேட்டர்ன் எடுங்கள். பேன்ட்டைத் தட்டையாகப் பரப்பி, ஒவ்வொரு தையலையும் ஓரம் ஓரமாக டேப்பால் அளந்து பிரவுன் பேப்பரில் வரையுங்கள். ஊசி குத்த வேண்டியதில்லை. ப்ளீட்டை விரித்தபடி ஒரு முறை, மடித்தபடி ஒரு முறை அளங்கள். தையல்காரரிடம் கொடுக்கும்போது முட்டி எங்கே என்பதைப் பேப்பரில் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பழக்க தோஷத்தில் அவர் அதை இரண்டு இன்ச் கீழே இறக்கிவிடுவார், விரிவு முழுவதும் கெண்டைக்காலுக்குப் போய்விடும்.